பெரியவள் பெற்ற குள்ளன்

ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தவளுக்குச் சமையல் தெரிகிறதோ இல்லையோ, நாய்க்குட்டியைத் தூக்கிப் பார்க்கத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான். நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயிலை ஒட்டிய தெரு. அங்கே நாய் வாசலோடு நின்றுவிடும். இங்கே வந்தால் நாய்க்குத்தான் முதல் பால், மனிதர்களுக்கு மிச்சப் பாலில் காப்பி. என் மாமனார் தலைமுறையாக வெள்ளை நாய் வளர்ப்பவர். குட்டி பால் நிறத்தில் இருக்க வேண்டும், மூக்கு ரோஸாக இருக்க வேண்டும், உடம்பில் ஒரு மயிர்கூட நிறம் மாறக் கூடாது. மாறியிருந்தால் அந்தக் குட்டி நம் முற்றத்தில் வளராது. வெள்ளைக்கு வெள்ளையைத்தான் சேர்க்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து அவர் ஒரே வார்த்தை வைத்திருந்தார்: சுத்தம்.

அந்த வீட்டுக்குள் நான் முயல் கொண்டுவந்தேன்.

மாமனாரின் நாய்களுக்குப் பூச்சி மருந்து வாங்கப் போன கடையில் அவை இருந்தன. நெதர்லாந்து குள்ள முயல் என்றார் கடைக்காரர். ஓர் ஆணும் ஒரு பெண்ணும். உருண்டை முகம், கட்டைவிரல் நீளத்துக்குக் காது, முழுதாக வளர்ந்தும் இரண்டு கைக்குள் அடங்குகிற உடம்பு. நான் பூச்சி மருந்தையே மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளுக்கு மெக்கானிக். கூண்டு செய்வது அவருக்கு ஒரு வேலையே இல்லை. பின்பக்கத்து ஷெட்டில், நான் நைட்டி தைக்கிற மிஷினுக்குப் பக்கத்திலேயே அடித்துக் கொடுத்தார். தளவாய்புரத்திலிருந்து வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும், நான் தைத்து அனுப்புவேன். மிஷின் ஓடுகிற சத்தத்தில் முயல் பயந்துவிடும் என்று நினைத்தேன். அவை என்னடாவென்றால் காலை நீட்டிப் படுத்துத் தூங்கின.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா முயல்களைக் ‘குந்தேலு, குந்தேலு’ என்று தன் பாஷையில் கூப்பிட்டுக்கொண்டு தினமும் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு வந்துவிடுவார். மாமனார் மட்டும் ஷெட் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாய்க்கார வீட்டில் முயலா என்று கடைத்தெருவில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்தக் கடுப்பு அவருக்கு.

முதல் ஈத்தில்தான் எனக்கு அடி விழுந்தது. தாய் தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போட்டு, அதற்குள் குட்டி போட்டிருந்தது. விலக்கிப் பார்த்தேன். நன்றாக இருந்த குட்டிகளுக்கு நடுவே ஒன்று, விரல் நுனி அளவுக்கு. தலை மட்டும் வீங்கினாற்போல் பெரிதாக, இடுப்புக்குக் கீழே சூம்பிப்போய். அது பால் குடிக்கவே இல்லை. ஓரிரு நாளில் செத்துப்போனது. அடுத்த ஈத்தில் அதே மாதிரி இரண்டு. கடைக்காரரிடம் ஓடினேன்.

“அதுக்குப் பேரு பீனட்டு. குள்ள முயல்னா அப்படி ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யும். பாத்ததும் தூக்கிப் போட்டுருங்க, தாய்ப்பால் மிச்சம்” என்றார், ஏதோ கீரையில் பழுத்த இலையைக் கிள்ளிப் போடச் சொல்வதைப்போல.

தூக்கிப் போட்டுருங்க என்றால் எங்கே போடுவது? நைட்டி வெட்டிய மிச்சத் துண்டில் சுற்றி முருங்கை மரத்தடியில் புதைத்தேன். ஒவ்வோர் ஈத்துக்கும் ஒரு பூப்போட்ட துண்டு. நான் செய்ததெல்லாம் இந்த ஊரில் எவர் வீட்டிலும் செய்கிறதுதான். நல்லதுக்கு நல்லதைச் சேர், வெள்ளைக்கு வெள்ளை, குள்ளத்துக்குக் குள்ளம். மாமனாரும் அதையேதான் சொன்னார், கூண்டுப் பக்கம் வராமலே.

“இருக்கதுலயே சின்னதுக்குச் சின்னதப் பாத்துச் சேத்து விடு. போகப்போக நின்னுரும்.”

நானும் சேர்த்து விட்டேன். நிற்கவில்லை.

இதற்கிடையில் முதல் ஈத்தில் பிழைத்த ஒரு பெண்குட்டி வளர்ந்துகொண்டே போனது. காது நீண்டது, முகம் நீண்டது, அம்மாவையும் அப்பாவையும் தாண்டி உடம்பு ஏறியது. அமைதியென்றால் அப்படியோர் அமைதி. தூக்கினால் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்ளும். கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இது ரிஜெக்டுங்க. ஷோவுக்கும் ஆகாது, குட்டிக்கும் ஆகாது.” நாங்கள் அவளைப் பெரியவள் என்று கூப்பிட ஆரம்பித்தோம். ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாமனார் சொன்னார்:

“அந்தப் பெருசு என்னத்துக்கு தின்னுட்டுக் கெடக்கு? கூமாப்பட்டியில நமக்குத் தெரிஞ்சவன் கறிக்கு முயல் வளக்கான். குடுத்துவிட்டுருவோம்.”

“என் கையால வளத்தத கறிக்குக் குடுக்க மாட்டேன் மாமா.”

“சுத்தமில்லாதத வச்சுக்கிட்டு என்னத்தா செய்வ?”

வாயைத் திறந்திருந்தால் சாம்பார் கரண்டி பறந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும், அதனால் எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்து ஒரு நைட்டிக்குக் கையைத் தலைகீழாகத் தைத்தேன்.

விஷயத்தை எனக்கு விளங்க வைத்தது யாரோ ஒரு மலையாளத்துப் பெண். நேரில் பார்த்ததில்லை, போனில் வீடியோவில் பார்த்ததுதான். முயல் வளர்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். எங்கள் பக்கத்தவர்களுக்கு மலையாளம் பாதி புரியும், மீதியைக் கை அசைவை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அவள் சொன்னது இதுதான். குள்ளத்தனம் தாய், தகப்பன் இரண்டில் ஒரு பக்கத்திலிருந்து வந்தால் குட்டி அழகான குள்ளனாகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துவிட்டால் அந்தக் குட்டிக்கு உயிர் தங்காது. அதனால் தாய் நல்ல வழியில் வந்த பெரிய உடம்புக்காரியாக இருக்கட்டும், தகப்பன் மட்டும் குள்ளனாக இருக்கட்டும். பாதிக் குட்டி குள்ளமாக வரும், பாதி பெரிதாக வரும், ஒன்றும் சாகாது. பெரிய உடம்பென்றால் பிரசவமும் சுலபம்.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெரியவளின் கூண்டைப் பார்த்தேன். ரிஜெக்ட் என்று ஊரே சொன்ன ஒருத்தி அங்கே முருங்கைக் காம்பை மென்றுகொண்டிருந்தாள். குள்ளத்துக்குப் பிறந்தவள், உடம்பில் அந்தக் குள்ளத்தனத்தைச் சுமக்காதவள். இத்தனை நாளும் நான் தேடிக்கொண்டிருந்தது என் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தது என் தப்புதான். மாமனார் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“குள்ளக் குட்டி வேணும்னு பெருசச் சேத்து விடுவாகளாக்கும். எவனாவது வெள்ளைக் குட்டி வேணும்னு செவலைய சேப்பானா?”

என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. “வெள்ளைக்கு வெள்ளையே சேத்துத்தான மாமா போன ஈத்துல நாலு குட்டிக்குக் காது கேக்கல?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அவசரமாக மோரை ஊற்றிக்கொண்டார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும் மாமனார் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு அவற்றின் பின்னால் போய்த் தட்டிப் பார்ப்பார். திரும்பிப் பார்க்கிற குட்டி இங்கே இருக்கும். திரும்பாத குட்டியை ஏதாவது தோப்புக்காரருக்குச் சும்மா கொடுத்துவிடுவார். வர வர, தட்டோடு திரும்பி வரும்போது அவர் முகம் சரியாக இருப்பதில்லை.

அவர் இலையை மடித்தார். கை கழுவிவிட்டு வந்து நின்றுகொண்டே சொன்னார்:

“சரித்தா. அந்தப் பெருசையே சேத்து விடு. ஒரு குட்டி அந்த மாதிரி சாகக் கூடாது. அதுல ஒண்ணு மாசியில நடக்கற ஸ்ரீவில்லிபுத்தூர் கண்காட்சியில ஜெயிக்கணும். ரெண்டும் நடந்தா நான் வாயத் தொறக்கல. ஒண்ணு தப்புனாலும் அது கூமாப்பட்டிக்குப் போயிரணும். பேச்சு மாறக் கூடாது.”

“மாறாது மாமா” என்றேன்.

“நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சுன்னா எனக்குக் கொஞ்சம் ரசம் ஊத்துங்க” என்றார் வீட்டுக்காரர்.

மாப்பிள்ளை தேட வேண்டும். எங்கள் வீட்டு ஆண் முயல் பெரியவளுக்கு அப்பன்; சொந்தத்துக்குள் சேர்த்தால் வேறு வம்பு வரும். கடைக்காரரிடம் இருந்ததும் அதே வகையறாதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா வீட்டில் ஒரு குள்ளன் இருந்தான். அக்கா மகள் கேரளத்தில் படித்தபோது அங்கிருந்து தூக்கி வந்தது. பால் கலந்த காப்பி நிறம், பூனை மாதிரி வீட்டுக்குள் திரிவான். அக்காவுக்குப் போன் செய்தேன்.

“ஏட்டி, வெறுங்கையோட மாப்பிள்ளை கேக்கியே, தாம்பூலம் மாத்த எப்ப வார?” என்றாள்.

முயலில் ஒரு வழக்கம் உண்டு. பெண் முயலைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணைக் கொண்டுவந்து பெண்ணின் இடத்தில் விட்டால், என் இடத்தில் உனக்கென்ன வேலை என்று அவள் கடித்துக் குதறிவிடுவாள். வெயில் காலத்திலும் சேர்க்கக் கூடாது. எங்கள் ஊர் வெயிலில் ஆணுக்கு வீரியம் போய்விடும், சினைப்பட்ட பெண்ணுக்கு மூச்சு வாங்கும். அதனால் புரட்டாசி மழை விழும்வரை காத்திருந்தேன். அதுவரை பெரியவளுக்கு வேலிமசால் தழையும் அகத்தியும் போட்டு, பல் வரிசையைப் பார்த்து, நகம் வெட்டி, ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் செய்வதையெல்லாம் செய்தேன். மாமனார் கடந்து போகும்போதெல்லாம் தொண்டையைச் செருமுவார்.

மழை விழுந்த மறுவாரம் மூங்கில் கூடையில் அவளை வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, காலை பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் துணியை விலக்கிப் பார்த்தார்.

“இதுக்கு டிக்கெட் உண்டாக்கா?”

“பொண்ணு கல்யாணத்துக்குப் போகுது. நீங்க மொய் எழுதுங்க” என்றேன். பஸ்ஸே சிரித்தது.

அக்கா வாசலிலேயே ஆரத்தி மாதிரி தட்டில் மஞ்சள் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள், என்னைக் கேலி செய்யத்தான். கூண்டில் விட்டதும் மாப்பிள்ளை தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரிய பெண்ணைப் பார்த்து ஒரு நிமிஷம் அசந்துபோய் நின்றான். பிறகு சுற்றிச் சுற்றி ஓடினான். எட்டவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அவனுக்குப் பின்னங்காலுக்கடியில் ஒரு மடித்த சாக்கைப் போட்டேன். அதன்மேல் ஏறி நின்று காரியத்தை முடித்தவன், ஆண் முயல்களின் வழக்கப்படி மயங்கினாற்போல் பக்கவாட்டில் பொத்தென்று விழுந்தான்.

“போதும்டி, மாப்பிள்ளைக்கு ஏதாவது குடிக்கக் குடு” என்றாள் அக்கா.

ஒரு மாதம். நான் மாமனாரோடு பேசவில்லை, அவரும் என்னோடு பேசவில்லை. தேவையானதை வீட்டுக்காரர் வழியாகச் சொல்லிக்கொண்டோம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குச் சாரல் அடிக்காமல் தார்ப்பாய் கட்டினேன். வீட்டுக்காரர் தறிப்பட்டறையிலிருந்து ஒதுக்கிய பேண்டேஜ் துணியைக் கொண்டுவந்து தந்தார். அதைப் பெட்டியின் அடியில் விரித்து, காய்ந்த புல்லைப் போட்டேன். ஒரு நாள் காலையில் காப்பி கலக்கும்போது ஷெட்டிலிருந்து பரபரவென்று சத்தம். பெரியவள் நெஞ்சு மயிரை வாய் நிறையப் பிடுங்கி வைத்துக்கொண்டு பெட்டிக்குள் போய்வந்துகொண்டிருந்தாள்.

அன்று முற்பகல் போட்டுவிட்டாள். அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம் பார்த்துப் பெட்டியில் கை விட்டேன். மயிர் மெத்தைக்குள் வெதுவெதுவென்று உடம்புகள். ஒவ்வொன்றாக எடுத்து முதலில் பார்த்தது தலையை, பிறகு பின்னங்காலை. பெரிய குட்டி, கால் சரி. சின்னக் குட்டி, கால் சரி. இன்னொரு சின்னது, வயிறு நிறையப் பால், காலை உதைத்துக்கொண்டு. ஒன்றுகூட அந்த மாதிரி இல்லை. எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பயந்துபோய் என்ன என்னவென்று கேட்டார். சந்தோஷம் அம்மா, ஒன்றுமில்லை என்றேன்.

ஆனால் மறுநாள் காலை பெட்டிக்கு வெளியே ஒரு குட்டி கிடந்தது. இருந்ததிலேயே சின்னது. தொட்டால் சில்லென்றிருந்தது. எப்போது வந்தாரென்று தெரியாது, மாமனார் என் பின்னால் நின்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேரடியாகப் பேசினார்.

“ஆரம்பிச்சிருச்சு பாத்தியா.”

“ஆரம்பிக்கல மாமா. செத்த நேரம் சும்மா இருங்க.”

குட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தலை அளவாக இருந்தது, பின்னங்கால் முழுசாக இருந்தது. இது அந்த நோயில்லை. பால் குடிக்கும்போது காம்பை விடாமல் தொங்கி, தாய் எழுந்து வந்தபோது கூடவே இழுபட்டு வெளியே விழுந்திருக்கிறது. மழைக் குளிரில் விறைத்துவிட்டது. அடுக்களைக்கு ஓடினேன். வெந்நீரை பாட்டிலில் ஊற்றி, பேண்டேஜ் துணியைச் சுற்றி, அதன்மேல் குட்டியை வைத்துக் கையால் பொத்திக்கொண்டு அடுப்பு மேடைக்குப் பக்கத்திலேயே நின்றேன். அடுப்பில் உளுந்து தீய்ந்தது. அணைக்க முடியவில்லை. யாரோ அடுப்பை அணைத்தார்கள். திரும்பிப் பார்த்தால் மாமனார்.

“அசையுதா?” என்றார்.

“இல்ல.”

அவர் போகவில்லை. ஆறின பாட்டிலை மாற்றிக் கொடுத்தார். ரொம்ப நேரம் கழித்து என் விரலுக்கடியில் ஒரு சின்ன உதை. அப்புறம் வாயைத் திறந்து கொட்டாவி மாதிரி ஒன்று விட்டது. மாமனார் நாய்களைப் பார்க்கப் போய்விட்டார். அந்தக் குட்டியை முகர்ந்து பார்த்துத் தாயே பெட்டிக்குள் ஏற்றுக்கொண்டாள். ஒன்றும் சாகவில்லை. பந்தயத்தில் பாதி எனக்கு.

மீதிப் பாதிக்கு மாசிவரை உழைக்க வேண்டியிருந்தது. குட்டிகள் வளர வளர ஒரே வயிற்றில் இரண்டு ஜாதி தெரிந்தது: சில தாயைப்போல, சில அப்பனைப்போல உருண்டைத் தலையும் கட்டைக் காதுமாக. குள்ளர்களில் ஓர் ஆணைத் தேர்ந்தெடுத்தேன். விறைத்துப் பிழைத்தானே, அவன் இல்லை. அவனை அக்கா பார்த்த மாத்திரத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், சம்பந்தி பங்கு என்று. நான் தேர்ந்தெடுத்தவன் அவன் அண்ணன், காப்பி நிறம், தோளும் இடுப்பும் ஒரே அகலம், பந்துபோல் இருப்பான். கண்காட்சியில் முயல் மேசைமேல் ஓடாமல் உட்கார வேண்டும், யார் தொட்டாலும் மிரளக் கூடாது. நான் தைக்கும்போது மிஷின் பலகையின் ஓரத்தில் ஒரு கோணித் துண்டு விரித்து அவனை உட்காரவைத்துவிடுவேன். மோட்டார் அலறும், கத்திரி விழும், முற்றத்தில் நாய்கள் குரைக்கும். அவன் ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அரைக்கண் மூடுவான். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவனை ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். பால்காரர்கூடத் தூக்கினார்.

கண்காட்சி அன்று காலை புறப்படும்போது கூடை ஒன்றுக்குப் பதில் இரண்டானது. பெரியவளையும் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். குட்டிக்குத் துணைக்கு என்றேன். உண்மையில் எனக்கு மனசு ஒப்பவில்லை. முந்தின நாள் மாமனார் யாரிடமோ போனில் பேசியதும், நான் வந்ததும் நிறுத்தியதும் காதில் விழுந்திருந்தது. பெரியவளை என் கண்ணுக்கெதிரில் வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று பட்டது. வீட்டுக்காரர் நாய்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கினார். மாமனார் தன் நாய் ஒன்றோடு வேனில் முன்னால் போய்விட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபம். தாலி கட்டுகிற மேடையில் ஜட்ஜுகளுக்கு மேசை போட்டிருந்தார்கள். கீழே நாய் வரிசை, ஓரமாகக் கிளி, மீன், பந்தி போடுகிற இடத்தில் முயல். மைக் செட்டில் ஒருவர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டே இருந்தார். நாய்கள் அத்தனையும் ஒன்று சேர்ந்து குரைத்தன. முயல்களெல்லாம் கூண்டு மூலையில் ஒண்டிக்கொண்டன. என் குள்ளன் காலை நீட்டிப் படுத்திருந்தான். எங்கள் வீட்டைவிட இங்கே சத்தம் கம்மி என்று நினைத்திருப்பான்.

எனக்கு முயல் விற்ற கடைக்காரரும் வந்திருந்தார், வெள்ளையில் ஒரு குள்ளனோடு. நல்ல முயல், பொய் சொல்ல மாட்டேன். அவர் என் கூடைக்குள் எட்டிப் பார்த்துப் பெரியவளைக் கண்டதும் சிரித்தார். “இதையுமா போட்டிக்குக் கொண்டாந்தீக?” நான் துணியை இழுத்து மூடினேன்.

முயல்களுக்கு ஜட்ஜாக வந்தவர் கோயம்புத்தூர் பக்கத்துக் கால்நடை டாக்டரம்மா. ஒவ்வொன்றையும் மேசையில் வைத்துப் பல்லைப் பார்த்தார், காதை அளந்தார், முதுகைத் தடவினார். பாதி முயல்கள் மேசையை விட்டுக் குதித்தன. கடைக்காரரின் வெள்ளையன் உட்கார்ந்தான், ஆனால் நடுங்கிக்கொண்டே. என் குள்ளன் உட்கார்ந்தான், டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தபோதுகூட அரைக்கண்தான். கடைசியில் மேசையில் இரண்டே பேர்: வெள்ளையனும் இவனும். டாக்டரம்மா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கூட்டம் மேடையைச் சுற்றி நின்றது. நாய் வரிசையிலிருந்து மாமனாரும் வந்து ஓரமாக நின்றார்.

அப்போதுதான் கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கிறாற்போல் சொன்னார்: “மேடம், அதோட தாயப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. முயல் இல்ல அது, ஆட்டுக்குட்டி. அந்தக் கூடைக்குள்ளதான் இருக்கு.”

கூட்டம் சிரித்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, “தாய் இங்க இருக்குதுங்களா?” என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அன்று கத்தவில்லை. கூடையைத் திறந்து, பெரியவளைத் தூக்கிக்கொண்டு மேடையேறி, இரண்டு குள்ளர்களுக்கும் நடுவில் உட்காரவைத்தேன். அவள் பக்கத்தில் அவை பொம்மை மாதிரி இருந்தன. சிரிப்பு இன்னும் கூடியது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள் பல்லைப் பார்த்தார், இடுப்பை அழுத்திப் பார்த்தார், மடியைப் பார்த்தார்.

“நல்ல கட்டான தாய். இந்த ஈத்துல எத்தனை குட்டி போச்சுங்க?”

“ஒண்ணும் போகல.”

“ஒண்ணுகூட?”

“ஒண்ணுகூட இல்ல. எல்லாம் உசுரோட இருக்கு.”

அவர் கடைக்காரரிடம் திரும்பினார். “உங்களுக்கு எத்தனை போச்சு?”

கடைக்காரர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். “அது… குள்ளத்துல போகத்தான் செய்யும் மேடம். எல்லாருக்கும் போறதுதான.”

“இவங்களுக்குப் போகலையே” என்றார் டாக்டரம்மா. மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “குள்ளத்துக்குக் குள்ளத்தச் சேர்த்து, செத்தது போக மிச்சத்தக் கொண்டுவந்து மேடையில வைக்கறது வளர்ப்பு இல்லைங்க. இப்படி ஒரு தாயை வச்சு வளர்த்தணும். முயல் ரெண்டும் நல்ல முயல். பயமில்லாம உட்கார்ந்திருக்கறது இது.”

காப்பி நிறத்தான் கழுத்தில் சிவப்பு ரிப்பனைக் கட்டினார். நான் அப்போது என்ன செய்தேன் என்று, கூட்டத்தில் நின்ற அக்கா இன்றைக்கும் எல்லோரிடமும் நடித்துக் காட்டுகிறாள். ரிப்பன் கட்டியவனை விட்டுவிட்டுப் பெரியவளைத் தூக்கித் தலைக்கு மேல் காட்டினேனாம். இருக்கலாம். எனக்கு நினைவிருப்பது கைதட்டல்தான். சற்று முன்னால் சிரித்த அதே கூட்டம். ஜெயிப்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. படி இறங்கும்போது கடைக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தேன். அதில் எனக்கு இன்றுவரை வெட்கமில்லை.

கீழே மாமனார் நின்றார். அவர் நாய்க்கு அன்று பரிசு இல்லை. பெரியவளை என் கையிலிருந்து வாங்கித் தன் தோள்துண்டில் பொதிந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இந்த இரண்டு வருஷத்தில் அவர் ஒரு முயலைத் தூக்கி நான் பார்த்ததில்லை. நாய்க்குட்டியைப் பிடிக்கிற மாதிரியே, பின்பக்கத்துக்குக் கை கொடுத்துச் சரியாகப் பிடித்திருந்தார்.

அந்த நேரம் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. நாய்ச் சத்தத்தில் கேட்காது என்று அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எடுத்ததும் மறுமுனை எனக்கும் தெளிவாகக் கேட்டது.

“அண்ணே, கூமாப்பட்டியில இருந்து வந்துட்டேன். உங்க வீட்ல, ஷெட்டுலதான் நிக்கேன். பெரிய முயலப் பிடிச்சிட்டுப் போன்னு நேத்துச் சொன்னீக. கூண்டு காலியா கெடக்கே.”

பந்தயம் முடியும் முன்னாலேயே ஆள் பேசி வைத்திருக்கிறார். நான் அவரையே முறைத்துப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பெரியவளின் காதைத் துண்டுக்குள் சரியாக எடுத்துவிட்டார்.

“என்னண்ணே பேச்சைக் காணோம். செத்துப்போச்சா?”

“சாகலப்பா” என்றார் மாமனார். “செயிச்சிருச்சு. நீ ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு ஊருக்குப் போ.”